ஜெர்மனியில் முதல் மாத மளிகை: கிழமை பார்த்து, அட்டை படித்து வாங்குவது எப்படி?

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்தில் ரசம் வைத்தேன். சூப்பர் மார்க்கெட்டின் மசாலா அடுக்கில் 'க்யூமல்' என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் சீரகம் என்று வந்தது. எண்ணெயில் போட்டதும் எழுந்த வாசனை சீரகத்தினுடையது இல்லை. சோம்புக்கும் ஓமத்துக்கும் நடுவே என்னவோ ஒன்று. மிச்சத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். நிறம் ஒரு படி கருப்பு, ஒவ்வொரு விதையும் பிறை மாதிரி வளைந்திருந்தது. ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் ஜெர்மன்காரர்கள் போடும் கேரவே விதை அது. நம்முடைய சீரகத்துக்கு இங்கே பெயர் 'க்ராய்ட்ஸ்க்யூமல்'. அதே அடுக்கில், ஒரு கை தள்ளித்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'ஷ்வார்ட்ஸ்க்யூமல்' இருந்தால் அது கருஞ்சீரகம்.

கேட்டால் எடுத்துக் கொடுக்க அண்ணாச்சி இருக்கும் கடையில் இந்தத் தப்பு நடக்காது. இங்கே கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணில் படும் ஊழியர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒருவர் கல்லாவில் இருப்பார், இன்னொருவர் அட்டைப்பெட்டி கிழித்து அடுக்கிக்கொண்டிருப்பார். அவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் விலை அட்டையும், பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்தும், முட்டை ஓட்டின் முத்திரையும் சொல்லிவிடுகின்றன. அதனால் எந்தக் கடை மலிவு என்பதைவிட எதைப் படிக்க வேண்டும் என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: கடைக்கு முன்னால் காலண்டர்

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இதைக் கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் வருகிறோம். ஆனாலும் முதல் மாதத்தில் ஒரு ஞாயிறாவது பால் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். ஞாயிறு ஓய்வு இந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே காக்கப்பட்ட விஷயம். 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவை இன்றைய சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். கடை மூடும் நேரத்துக்கென்று 1956இல் தனிச் சட்டமே வந்தது. 2006க்குப் பிறகு வார நாட்களின் நேரத்தை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. பெர்லினில் திங்கள் முதல் சனி வரை இரவு முழுக்கத் திறந்து வைக்கக்கூடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பவேரியாவில் பொதுவாக இரவு 8 மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். மியூனிக்கில் வேலை முடிந்து 8:05க்குக் கடை வாசலில் நின்றால் கண்ணாடிக்கு உள்ளே தரை துடைப்பவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ஞாயிறைவிட ஆபத்தானவை விடுமுறை நாட்கள், ஏனென்றால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நவம்பர் 1 பவேரியாவில் விடுமுறை, பெர்லினில் வேலை நாள். மார்ச் 8 பெர்லினில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. ஈஸ்டரின்போது புனித வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மூடல். கிறிஸ்துமஸுக்கு 24ஆம் தேதி மதியத்தோடு சரி. 25, 26 இரண்டு நாளும் பூட்டு. 2026இல் அந்த இரண்டு நாட்களும் வெள்ளி, சனியாக வந்து ஞாயிறும் ஒட்டிக்கொள்வதால் மூன்று முழு நாட்கள்.

வந்த அன்றே உங்கள் மாநில விடுமுறைப் பட்டியலைப் போன் காலண்டரில் ஏற்றுங்கள். வாரத்தின் பெரிய வாங்கலை வியாழன் மாலையோ வெள்ளிக் காலையோ வைத்துக்கொள்வது என் பழக்கம். சனி மதியம் போனால் ஊரே வண்டி தள்ளிக்கொண்டிருக்கும், கீரைத் தட்டு காலியாகியிருக்கும். மறந்தே போய்விட்டால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் உண்டு. விலை கடிக்கும், ஆனால் பால் கிடைக்கும். பேக்கரிகள் பல ஞாயிறு காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும்.

படி 2: எந்தக் கடையில் எதை வாங்குவது

கடைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது டிஸ்கவுண்டர்: ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ, நோர்மா. ரகங்கள் குறைவு, பெரும்பாலும் கடையின் சொந்த பிராண்டுதான். பால், முட்டை, வெண்ணெய், எண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற அன்றாடச் சாமானுக்கு இங்கே போங்கள். ஆல்டி என்பது உண்மையில் இரண்டு கம்பெனிகள். ஆல்பிரெக்ட் சகோதரர்கள் 1960களின் தொடக்கத்தில் வடக்கு, தெற்கு என்று நாட்டையே பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதனால்தான் ஊர் மாறினால் ஆல்டியின் லோகோவும் மாறியிருக்கும்.

இரண்டாவது முழு சூப்பர் மார்க்கெட்: ரேவே, எடேக்கா, காஃப்லாண்ட். ரகம் அதிகம், இறைச்சி வெட்டித் தரும் கவுண்டர் இருக்கும், மசாலா அடுக்கும் பெரிது. பிராண்டுப் பொருளுக்கு விலை கூடும்தான். ஆனால் ரேவேயின் 'யா!', எடேக்காவின் 'குட் உண்ட் கியுன்ஸ்டிக்' என்ற சொந்த பிராண்டுகள் டிஸ்கவுண்டர் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவற்றைக் கண் மட்டத்தில் வைக்க மாட்டார்கள். குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்கள்.

மூன்றாவது வகையைத்தான் புதிதாக வருபவர்கள் தவறவிடுகிறார்கள்: டிஎம், ரோஸ்மான் போன்ற 'ட்ரோகெரி' கடைகள். சோப்பு, ஷாம்பூ கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். உள்ளே ஓட்ஸ், முந்திரி, பாதாம், பருப்பு வகைகள், தேங்காய்ப்பால், குழந்தை உணவு எல்லாம் இயற்கை விவசாய முத்திரையோடு இருக்கும், விலையும் பெரும்பாலும் நியாயம். பாரசிட்டமால் மாத்திரையை இந்த அடுக்குகளில் தேடாதீர்கள். அதற்குச் சிவப்பு 'A' எழுத்துப் போட்ட 'அபோதேகே' என்னும் மருந்தகம்தான்.

இவை போக, துருக்கிக் கடைகள். ஒரு கை கொள்ளாத கொத்தமல்லிக் கட்டு, புதினா, வெண்டைக்காய், கத்தரிக்காய், ஹலால் இறைச்சி எல்லாம் அங்கே. சூப்பர் மார்க்கெட்டில் கொத்தமல்லியைச் சின்னத் தொட்டிச் செடியாகவோ பிளாஸ்டிக் டப்பாவில் பத்துப் பதினைந்து இலையாகவோ விற்பார்கள். சட்னிக்கு அது எந்த மூலைக்கு?

படி 3: வாசலில்

ஒரு யூரோ நாணயம் எப்போதும் பையில் இருக்கட்டும். தள்ளுவண்டிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பூட்டி வைத்திருப்பார்கள். நாணயத்தைச் சொருகினால் வண்டி விடுபடும், திரும்பக் கொண்டு வந்து பூட்டினால் நாணயம் வெளியே வரும். 50 சென்ட், 2 யூரோவும் பெரும்பாலும் பொருந்தும். அதே அளவில் பிளாஸ்டிக் வில்லைகளும் கிடைக்கின்றன; ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டால் நிம்மதி.

துணிப்பையும் கூடவே வேண்டும். 2022 முதல் கல்லாவில் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக் கொடுப்பதற்குத் தடை. காகிதப் பையும் துணிப்பையும் காசுக்குக் கிடைக்கும். காய்கறிப் பக்கத்தில் உள்ள மெல்லிய பைக்கு அந்தத் தடை பொருந்தாது. வாங்கும் பொருளை உங்கள் சொந்தப் பைக்குள் போட்டபடி கடைக்குள் நடக்காதீர்கள். கல்லா தாண்டும் வரை கூடையிலோ வண்டியிலோ கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

படி 4: விலை அட்டையில் பெரிய எண்ணை விட்டுச் சின்ன எண்ணைப் பாருங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது பொட்டலத்தின் விலை. மூலையில் பொடியாக இருப்பது 'க்ருண்ட்பிரைஸ்', அதாவது ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பது. முன்பு சிறு பொட்டலங்களுக்கு 100 கிராம் கணக்கில் போட அனுமதி இருந்தது. 2022 மே மாதம் புது விதி வந்த பிறகு பொட்டலச் சாமானுக்கு எல்லாமே கிலோ, லிட்டர்தான். 400 கிராம் பாக்கெட்டையும் 750 கிராம் பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட வேண்டியதில்லை, அட்டையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கையை இந்தச் சின்ன எண் எனக்குப் பலமுறை உடைத்திருக்கிறது. இறைச்சி, சீஸ் வெட்டித் தரும் கவுண்டரில் மட்டும் இன்னும் 100 கிராம் விலை எழுதியிருப்பார்கள். பார்த்தவுடன் மலிவு என்று ஏமாறாமல் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அட்டை விலையில் வரி அடங்கியிருக்கும். பெரும்பாலான உணவுப் பொருளுக்கு 7 சதவீதம், பானங்களுக்கு 19. பசும்பால் உணவுக் கணக்கில் 7, ஓட்ஸ் பால் பானக் கணக்கில் 19. எந்தப் புண்ணியவான் பிரித்தாரோ தெரியாது. பில்லில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிற்கும் 'A', 'B' எழுத்துகள் இந்த வரி வகைகளைத்தான் குறிக்கின்றன.

படி 5: ஃபாண்ட் என்னும் பாட்டில் காசு

அட்டை விலைக்கு மேல் பில் ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆறு தண்ணீர் பாட்டில் கொண்ட ஒரு கட்டை எடுத்துப் போனேன். கல்லாவில் அட்டையில் போட்டிருந்ததைவிட 1 யூரோ 50 சென்ட் அதிகம் கேட்டார்கள். சண்டைக்கு எனக்கு மொழி போதாததால் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பில்லை விரித்துப் பார்த்தபோது 'ஃபாண்ட்' என்று தனி வரி, ஆறு தடவை 25 சென்ட். பாட்டிலுக்கான முன்பணம் அது. காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்ப வரும். அட்டையிலும் பொடி எழுத்தில் 'ஃபாண்ட் தனி' என்று போட்டுத்தான் இருந்தது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட். இந்தத் திட்டம் 2003இல் தொடங்கியது. 2022இல் ஜூஸ் பாட்டில்களும், 2024இல் பிளாஸ்டிக் பால் பாட்டில்களும் சேர்ந்தன. இவற்றின் லேபிளில் பாட்டிலும் டின்னும் வளைந்த அம்புக்குறியும் கொண்ட சின்ன முத்திரை இருக்கும். கழுவித் திரும்ப நிரப்பும் வகைக்குத் தொகை குறைவு: சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்; தண்ணீர், பால், தயிர்க் கண்ணாடிகளுக்குப் பெரும்பாலும் 15 சென்ட். வைன் பாட்டிலுக்கும் அட்டை டப்பா பாலுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை.

திருப்பிக் கொடுக்கக் கடை நுழைவாயிலிலோ பின் மூலையிலோ இயந்திரம் இருக்கும். பாட்டிலின் அடிப்பக்கம் முன்னே போக ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள். கடைசியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டை அதே கடையின் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவார்கள். எதுவும் வாங்காவிட்டால் காசாகவும் தருவார்கள். டின்னை நசுக்கக் கூடாது, லேபிளைக் கிழிக்கக் கூடாது. இயந்திரத்துக்குப் படிக்க முடியாமல் போய்விடும். வேறு நாட்டில் வாங்கிய பாட்டிலையும் அது துப்பிவிடும். கண்ணாடிப் பீர் பாட்டில்களை டிஸ்கவுண்டரில் பல நேரம் ஏற்பதில்லை, சூப்பர் மார்க்கெட்டுக்கோ பானக் கடைக்கோ கொண்டுபோங்கள்.

ஃபாண்ட் இல்லாத கண்ணாடிக் குப்பிகளைத் தெருமுனைக் கண்டெய்னரில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துப் போட வேண்டும், அதுவும் ஞாயிறன்று கூடாது. கண்ணாடி உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்குமாம்.

இன்னொன்று. பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்கு உள்ளே போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பதைப் பார்ப்பீர்கள். அது சோம்பல் இல்லை. பாட்டில் பொறுக்கி நாலு காசு பார்ப்பவர் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டாமே என்பதற்காக.

படி 6: அடுக்கு அடுக்காக

தண்ணீர். முதல் தடவை நாம் எடுப்பது கட்டாயம் சோடாத் தண்ணீராகத்தான் இருக்கும். 'க்ளாசிக்', 'ஷ்பிரிட்சிக்' என்றால் காரமான சோடா, 'மீடியம்' பாதி, 'ஷ்டில்', 'நாட்டூரெல்' என்றால்தான் சாதாரணத் தண்ணீர். என்னைக் கேட்டால் எதையும் தூக்கிச் சுமக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பரிசோதனையும் கடுமை. கெட்டிலில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, அழுக்கு இல்லை.

பால். அட்டை டப்பாக்கள் இரண்டு இடத்தில் இருக்கும். குளிர் அலமாரியில் இருப்பது 'ஃப்ரிஷே மில்ஷ்'. வெளியே சாதாரண அடுக்கில் இருப்பது 'ஹா-மில்ஷ்', 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடாக்கிய பால். பிரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். விடுமுறை வாரத்துக்கு இது இரண்டு டப்பா வீட்டில் இருப்பது நல்லது. கொழுப்பு 3.5 என்றால் முழுப் பால், 1.5 என்றால் 'ஃபெட்ஆர்ம்'. 'லாக்டோஸ்ஃப்ரை' என்று போட்ட பால் வயிற்றுக் கோளாறுக்காரர்களுக்கு. அதில் பால் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்திருப்பதால் காபியே சற்று இனிக்கும். உறைமோருக்கு 'நாட்டூர்யோகுர்ட்' என்ற சாதாரணத் தயிர் ஒரு கரண்டி போதும். குளிர்காலத்தில் விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வைத்தால் உறைந்துவிடும். 'க்வார்க்' தயிர் மாதிரி தெரிந்தாலும் தயிர் இல்லை. தண்ணீர் வடித்த புளிப்புப் பாலாடைக்கட்டி அது. சாதத்தில் பிசைந்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.

நெய் வேண்டுமென்றால் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்'. உருக்கித் தெளியவைத்த வெண்ணெய்தான்; மணம் கொஞ்சம் குறைவு, வேலை அதே. ஆனால் கவனம்: முன்னால் 'புட்டர்' இல்லாமல் வெறும் 'ஷ்மால்ட்ஸ்' என்றிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு.

மாவு. பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண் போட்டிருக்கும். 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சுகிறது என்பதுதான் அந்த எண். தவிடு அதிகமானால் தாதுச்சத்தும் அதிகம், அதனால் சாம்பலும் அதிகம். 405 கிட்டத்தட்ட மைதா. 550 சற்று உறுதி, பரோட்டாவுக்கு நன்றாக இழுக்கும். 1050 மங்கலான நிறத்தில் பாதி வழி. 'ஃபோல்கோர்ன்' முழுக் கோதுமை, ஆனால் அரைப்பு கொரகொரப்பு. அதில் மட்டும் சப்பாத்தி போட்டால் ஓரம் வெடிக்கும். பாதிக்குப் பாதி 550 கலந்து, தண்ணீர் கூடுதலாக விட்டு அரை மணி ஊறவைத்தால் சமாளிக்கலாம். உப்புமாவுக்கு 'ஹார்ட்வைட்சன்க்ரீஸ்'. 'வைஷ்வைட்சன்க்ரீஸ்' குழைந்துவிடும், அது கேசரிக்குச் சரி. சமையல் சோடாவுக்குப் பெயர் 'நாட்ரோன்'. கேக் அடுக்கில் சின்னப் பொட்டலமாக இருக்கும்.

முட்டை. ஓட்டில் சிவப்பாக ஒரு நீள எண் இருக்கும். முதல் இலக்கம்தான் முக்கியம். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியே மேயும் கோழி, 2 கொட்டகைக்குள் வளர்ந்தது, 3 கூண்டு. அடுத்து நாட்டின் குறி, அதற்குப் பிறகு வருவது பண்ணையின் எண். கடையில் முட்டையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெட்டியைத் திறந்து உடைந்ததுண்டா என்று பார்த்து எடுப்பது இங்கேயும் சாதாரணம்தான்.

இறைச்சி சாப்பிடுபவர்கள் ஐந்தாறு சொல்லை மனப்பாடம் செய்துவிடுங்கள்: 'ரிண்ட்' மாடு, 'ஷ்வைன்' பன்றி, 'ஹென்ஷன்' கோழி, 'பூட்டே' வான்கோழி, 'லாம்' செம்மறி ஆட்டுக்குட்டி, 'ஷ்பெக்' பன்றிக் கொழுப்புத் துண்டு. கொத்துக்கறியில் 'கெமிஷ்ட்' என்று போட்டிருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. பொட்டலத்தில் 1 முதல் 5 வரை ஒரு வண்ணப் பட்டை இருக்கும். விலங்கை எப்படி வளர்த்தார்கள் என்பதற்கான தரவரிசை அது, எண் கூடக் கூட நல்லது.

சைவர்கள் ஏமாறும் இடம் இறைச்சி அடுக்கு இல்லை, இனிப்பு அடுக்கு. ஜெல்லி மிட்டாயிலும் சில தயிர் வகைகளிலும் ஜெலட்டின் உண்டு. பல சீஸ்களில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த 'லாப்' சேரும். ஒவ்வொரு பொருள் பட்டியலையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மஞ்சள் வட்டத்துக்குள் பச்சை இலை முளைத்த 'வி' முத்திரையைத் தேடலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கடலை, பால், கோதுமை, எள் உள்ளிட்ட 14 வகைகளை ஐரோப்பிய விதிப்படி பட்டியலில் எடுப்பாகத் தெரியும்படி அச்சிட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும், போனை நீட்டி ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கத் தேவையில்லை.

காய்கறி. டிஸ்கவுண்டரில் அப்படியே கல்லாவுக்கு எடுத்துப் போங்கள், அங்கேயே எடை போடுவார்கள். சில சூப்பர் மார்க்கெட்டுகளில் நாமே தராசில் வைத்து, விலை அட்டையில் உள்ள எண்ணை அழுத்தி, வரும் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். காய்கறிப் பக்கம் தராசில் பொத்தான்கள் இருக்கின்றனவா, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒட்டாமல் கல்லாவுக்குப் போய்விட்டால் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் உங்களைப் பார்க்கும்.

படி 7: தேதி இரண்டு வகை

'மிண்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்றால் குறைந்தது இந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று பொருள். அதற்கு மறுநாள் தயிர் விஷமாகிவிடாது. திறந்து, பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம். 'ட்சு ஃபெர்பிரௌஹன் பிஸ்' என்பது வேறு. கொத்துக்கறி, பச்சைக் கோழி, மீன் போன்றவற்றில் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

முதல் வகைத் தேதி நெருங்கும் பொருளில் 30 சதவீதம் குறைவு என்பது மாதிரி கண்ணைப் பறிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அன்றே சமைப்பதாக இருந்தால் எடுக்கலாம். வாரச் சலுகைத் தாள்கள் கடை ஆப்பிலேயே கிடைக்கும். டிஸ்கவுண்டரின் நடு அடுக்கில் திங்கள், வியாழனில் மாறி மாறிச் சட்டி, டிரில், ஸ்கை உடை என்று ஏதேதோ வரும். மளிகைப் பட்ஜெட் ஓட்டையாவது அங்கேதான், சொல்லிவிட்டேன்.

படி 8: கல்லா

ஜெர்மன் கல்லா ஒரு வேகப் போட்டி. பட்டையில் சாமானை வைத்ததும், உங்களுடையதற்கும் அடுத்தவருடையதற்கும் நடுவே அங்கே கிடக்கும் தடுப்புக் கட்டையை வையுங்கள். வைக்காவிட்டால் பின்னால் இருப்பவர் ஒரு சின்னப் பெருமூச்சோடு தானே வைப்பார். கனமான பொருள் முன்னே, தக்காளியும் ரொட்டியும் கடைசியில் வரும்படி அடுக்குங்கள். ஸ்கேன் ஆன பொருள் அதே வரிசையில் உங்களை நோக்கிப் பாய்ந்து வரும், நின்று பையில் அடுக்க அவகாசம் கிடையாது. எல்லாவற்றையும் அப்படியே வண்டிக்குள் தள்ளிவிட்டு, காசு கொடுத்த பிறகு ஓரமாகவோ சன்னலடி மேடையிலோ நின்று நிதானமாகப் பையில் போடுவதுதான் இங்கே வழக்கம்.

கேட்பது மூன்றே கேள்வி. ஆப் இருக்கிறதா அல்லது பாயிண்ட் சேர்க்கிறீர்களா? கார்டா, ரொக்கமா? பில் வேண்டுமா? முதல் கேள்வி புரியாவிட்டால் 'நைன், டாங்கே'. இரண்டாவதுக்கு 'மிட் கார்ட்டே, பிட்டே'. மூன்றாவதுக்கு முதல் மாதம் முழுக்க 'யா' என்றே சொல்லுங்கள். 2020 முதல் பில் கொடுப்பது கட்டாயம்; வாங்கி வைத்திருந்தால்தான் உள்ளே அழுகிய ஆரஞ்சுப் பையைத் திருப்பிக் கொடுக்க முடியும். வீட்டில் அந்த பில்லை விரித்து வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் ஜெர்மன் வகுப்பு.

பெரிய கடைகளில் பெரும்பாலான கார்டுகள் ஓடும். பேக்கரி, வாரச்சந்தை, சின்ன ஆசியக் கடைகளில் ரொக்கம் மட்டும் என்பது இன்னும் உண்டு, ஒரு 20 யூரோ நோட்டு பர்ஸில் தூங்கட்டும். உள்ளூர் வங்கி கொடுக்கும் ஜீரோகார்ட் (girocard) என்னும் டெபிட் கார்டு வந்துவிட்டால், பல சூப்பர் மார்க்கெட் கல்லாவிலேயே பில்லோடு சேர்த்து 200 யூரோ வரை ரொக்கம் எடுக்கலாம். ஏடிஎம் தேடி அலைய வேண்டாம்.

படி 9: பெட்டியில் எதைக் கொண்டு வரலாம்?

வருவதற்கு முன் இதைப் படிப்பவர்களுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டு வரக்கூடாது. அம்மா காய்ச்சிய நெய், பால்கோவா, ஆட்டு உப்புக்கண்டம் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டூரியான், வாழைப்பழம், பேரீச்சை. ஆகவே தேங்காய் வரலாம், கறிவேப்பிலைக் கொத்து வரக்கூடாது. சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, காய்ந்த பருப்பு ஆகியவை சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவில் பிரச்சினை தருவதில்லை. என் பார்வையில் பருப்பைச் சுமப்பது வீண். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி எல்லாம் இங்கே ஆசியக் கடைகளில் உண்டு. மைசூர்ப் பருப்பு 'ரோட்டே லின்சன்' என்ற பெயரில் டிஸ்கவுண்டரிலேயே கிடக்கிறது. வீட்டில் அரைத்த பொடிக்கு இடம் கொடுங்கள்.

படி 10: தமிழ்க் கடை

ஊருக்கு ஊர் இந்தியக் கடை, ஆசியக் கடை, ஆப்பிரிக்கக் கடை இருக்கும். கிழங்கு, வாழைக்காய்க்கு ஆப்பிரிக்கக் கடை நல்லது. ஈழத்தமிழர் நடத்தும் கடை உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். முருங்கைக்காய், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிவப்பரிசி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அவர்கள் பேச்சில் காய்கறி மரக்கறி ஆகும், குழம்புத்தூள் கறித்தூள் ஆகும். கறித்தூள் வறுத்து அரைத்தது, நம் குழம்புப் பொடியைவிட ஒரு சுற்று காரம். முதல் தடவை பாதி அளவே போடுங்கள்.

பச்சை மரக்கறி வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் விமானத்தில் வந்து இறங்கும். மற்ற நாளில் போனால் வாடியதுதான் மிச்சம். எந்த நாள் என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது, கேட்டால்தான் தெரியும்.

"அண்ணை, கறிவேப்பிலை இருக்கா?"

"முடிஞ்சுது தம்பி. வியாழன் பின்னேரம் வாங்கோ, எடுத்து வைக்கிறன். காசாக் கொண்டு வாங்கோ, கார்ட் மெஷின் பழுது."